வீட்டுல ஏறினா உரசுது

வீட்டுல ஏறினா உரசுதுங்க, வலது பக்க வளைவுல சாஞ்சா மெயின் ஸ்டாண்டும் சைலன்சரும் சேர்ந்து தரையைக் கிழிக்குதுங்க, மாசத்துக்கு மாசம் வெயிட்டு ஏறிட்டே போகுதுன்னு சார் சொல்றாரு, நீங்களாவது ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைங்கம்மா. இதானே இந்த மெக்கானிக் கடையிலேர்ந்து போன்ல சொன்னீங்க? ஒரு எழுத்து பிசகியிருக்கா? பிசகாது. நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டர் ஒரு தடவை சொன்னதை எந்திரிச்சு நின்னு அப்படியே திருப்பிச் சொல்லலைன்னா விரல் முட்டியில ஸ்கேல் விழும்.

இல்ல, உக்கார மாட்டேன். அந்த ஸ்டூல் பூரா ஆயில். நின்னே பேசுறேன்.

சார் போனை எடுத்தது யாருன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணவே இல்லையா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரரு மறந்து வச்சிட்டுப் போனாரு, அடிச்சுது, எடுத்தேன். அலோ சொல்லி முடிக்கல, வெயிட்டைக் குறைன்னு ஆரம்பிச்சிட்டீங்க. கட்டின புருஷனே அந்த வார்த்தையைச் சொல்ல நாலு தரம் யோசிப்பாரு. சொல்லட்டும் பாப்போம்.

சிரிக்காதீங்க தம்பி. என் கல்யாணத்துக்குத் தச்ச ரவிக்கை இன்னிக்கும் பூட்டுது. மூச்சு விட முடியாது, அது வேற. பூட்டுதா இல்லையா?

சரி, விடுங்க. வண்டி இதானே? அந்த லைட்டை இப்படிக் காட்டுங்க. அய்யய்யோ. ஸ்டாண்டு காலு கத்தி மாதிரில்ல தேஞ்சு கிடக்கு. சைலன்சர் அடிவயித்துல பாருங்க, நகத்தால பிறாண்டின மாதிரி. இந்த மனுஷனா வண்டியைப் படுக்கப்போட்டு ஓட்டுறாரு? வீட்டுல ஃபேன் ஸ்விட்சையே பயந்து பயந்து போடுறவருய்யா அவரு.

வேகம் இல்லையா? பின்ன?

ம். ஸ்பிரிங் பழசாகித் தொஞ்சு போச்சு. ஆள் ஏறினா பின்பக்கம் அப்படியே குந்திடுது. ஏற்கெனவே குந்தின வண்டி, கொஞ்சம் சாச்சாலே தரை தட்டிடும். புரியுது, புரியுது. எனக்கு மூட்டுதான் தேஞ்சிருக்கு, மூளை இல்ல. எந்த வளைவுல? ஆஸ்பத்திரி மேட்டு வளைவா? ஓகோ.

தட்டினா என்ன ஆகும்? சத்தம்தானே வரும்?

நெம்புகோல் மாதிரியா? பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிடுமா? தூக்கிட்டா வண்டி வழுக்கிட்டுப் போகும், அப்படித்தானே. அப்ப பின்னாடி உக்காந்திருக்கிற ஆளு?

இல்ல, நீங்க சொல்லுங்க. அதையும் உங்க வாயால சொல்லுங்க. வெயிட்டைக் குறைன்னு சொல்ல வந்த வாய்தானே.

ஸ்டாண்டையே கழட்டிடலாமா? ஆகா. மூக்கு கதவுல இடிக்குதுன்னு மூக்கை அறுக்கிற வைத்தியம். ஸ்டாண்டை எடுத்தா அடுத்து சைலன்சர் தட்டும், அதையும் கழட்டுவீங்களா? இந்தா, இது என்ன? ஸ்டாண்டு மேல போய்த் தட்டி நிக்கிற இடத்துல ரப்பர் எங்க? ரப்பர் விழுந்து போய் வெறும் இரும்புல இரும்பு தட்டித் தட்டி வளைஞ்சிருக்கு, அதான் ஸ்டாண்டு ரெண்டு விரக்கடை கீழ தொங்குது. ரப்பர் தேஞ்ச கதவை தினம் சாத்துறவளுக்கு இது தெரியாதா? வண்டி மாசாமாசம் உங்ககிட்டதானே வருது? வரும்போதெல்லாம் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கி ஏத்திவிட்டு, போன்ல எனக்கு டயட்டு சொல்லத் தெரியுது, இந்த ரப்பரை மாட்டத் தெரியல.

இப்ப எந்தப் படியில நிக்குது? கடைசியா? அதுக்கு மேல ஏறாதா?

ஏன் வலது பக்கம் மட்டும்? இடது பக்கம் வளைவே இல்லையா இந்த ஊர்ல?

ஒரு பக்கமா உக்காந்தாவா. ரெண்டு காலையும் இடது பக்கம் போட்டு உக்காந்தா வெயிட்டு இடது பக்கம் இழுக்கும். ஓட்டுறவரு வண்டியை வலது பக்கமா சாச்சுப் பிடிச்சுத்தான் நேராவே போகணும். அப்புறம் வலது பக்கம் திரும்பினா இன்னும் சாயும். சரிதான். கணக்கு சரியா இருக்கு. அதனால என்னை, ரெண்டு பக்கமும் காலைப் போட்டு நேரா உக்காருங்கம்மான்னு சொல்லப் போறீங்க.

தம்பி, நான் அந்தக் காலத்துலயே ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்தவ. மாமியார் வாசல்ல நின்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க, அப்பவும் இறங்கல. மூட்டு போனதுக்கப்புறம் காலைத் தூக்கிப் போட முடியல, விட்டுட்டேன். பஸ்ஸுதான். இந்த வண்டியில நான் ஏறி வருஷக்கணக்காச்சு.

என்ன, ஸ்பானர் கையிலயே நின்னுபோச்சு?

பயப்படாதீங்க. உங்க மூஞ்சி போற போக்கைப் பாத்தா நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. அதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும். இந்த மனுஷன் சட்டைப் பையில ரெண்டு பேனா வச்சுக்கிட்டு மூணாவதைத் தேடுறவரு. பொய்யும் வராது. சொல்லிட்டா ராத்திரிக்குள்ள காய்ச்சல் வந்துடும். அதான் பொய் சொல்லாம ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்காரு பாருங்க. வீட்டுல ஏறினா உரசுது. நீங்க என்ன நினைச்சீங்க? வீட்டுலன்னா பொண்டாட்டி. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் நினைக்கும். போனை வச்சதும் நானும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் கிளம்பினேன். பஸ்ஸுல நின்னுக்கிட்டு வரும்போதுதான் உறைச்சுது. நான்தான் ஏறவே இல்லையே.

அப்ப யோசிங்க. மாசத்துக்கு மாசம் வெயிட்டு ஏறுது. ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்கார முடியல. போற வழி ஆஸ்பத்திரி மேடு. ஆண்டவனே, இதுக்கு கான்வென்ட்டு படிப்பு வேற வேணுமா?

பொண்ணு. எங்க ஒரே பொண்ணு. மாசமா இருக்கா.

படிப்பைப் பாதியில போட்டுட்டு, எவனோ சரக்கு வண்டி ஓட்டுறவன் பின்னாடி போனா. மாசத்துல பாதி நாள் ரோட்டுல கிடக்கிறவன். இனிமே இந்த வீட்டுல உனக்கு இடமில்லன்னு சொன்னேன். சொன்னதுதான். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன், என்னை மாத்தலாம்னு யாரும் கனவு காண வேணாம். அப்போ அந்த மனுஷன் வாயைத் திறக்கல. தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு. நான் நினைச்சேன், சரி, என் பக்கம்தான்னு. இப்ப பாருங்க, நான் வெளிய தள்ளினவளைப் பின்னாடி ஏத்திக்கிட்டு, கண்ட மெக்கானிக் கடையில வந்து வீட்டுலன்னு சொல்லிட்டுத் திரியுறாரு. வீட்டுலயாம்.

தண்ணி எல்லாம் வேணாம். வேலையைக் கேளுங்க.

வளைஞ்சதை நிமித்தி அந்த ரப்பரை இன்னிக்கே மாட்டுங்க. இந்தத் தொஞ்ச ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுட்டு, ஷாக் அப்சார்பர் ரெண்டும் புதுசு, கொஞ்சம் ஒசரமா, கனம் தாங்குறதாப் பாத்து மாட்டுங்க. ஒசரமா மாட்டினா ஸ்டாண்டு போட்டா பின்சக்கரம் தரையிலயே நிக்குமா? நிக்கட்டும். சைடு ஸ்டாண்டு போட்டுக்கட்டும். அந்த மனுஷன்கிட்ட நான் வந்தேன்னு மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா எங்கிட்ட பொய் சொல்லவும் வராம காய்ச்சல்ல படுத்துடுவாரு.

என்ன? அளவு பாக்கணுமா? ஓட்டுறவரும் பின்னாடி உக்கார்றவங்களும் ஏறி உக்காந்தாத்தான் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குதுன்னு பாத்து வைக்க முடியுமா?

அப்படியா. ரெண்டு பேருமே வரணுமா.

தம்பி, இங்க பாருங்க. சாயங்காலம் வண்டி எடுக்க வருவாருல்ல, அப்ப சொல்லுங்க. ஆள் உக்காராம வைக்க முடியாது சார், வீட்டுல கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுங்க. அதே வார்த்தையைச் சொல்லணும். வீட்டுலன்னு. என்னிக்கு வர்றாருன்னு கேட்டு வச்சுட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க, என் நம்பர் தர்றேன். நான் பேச மாட்டேன். அந்த டயர் அடுக்குக்குப் பின்னாடி நின்னுட்டு, அவ ஏறி இறங்குறதை ஒரு தரம் பாத்துட்டுப் போயிடுவேன். பாக்கிறதுக்கு மூஞ்சி வெளுத்திருக்கா, கால் வீங்கியிருக்கான்னு. அவ்வளவுதான்.

பண்ணுவீங்களா?

தம்பி, ஸ்பானரைக் கீழ வைங்க. உங்களைத்தான் கேக்குறேன். பண்ணுவீங்களா?