எதிர்வீட்டுப் புகை

என்னைத் தெருவில் கண்டால் ஜனங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார்கள். புகைபோக்கி சுத்தம் செய்கிறவன் எதிரே வந்தால் அன்றைக்கு நல்லது நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. என்னைக் கைது செய்ய வந்த இரண்டு பேரில் இளையவர்கூட, விலங்கை எடுப்பதற்கு முன்னால் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் நல்ல பிள்ளைதான்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் அம்மா. மறைக்க ஒன்றுமில்லை.

என் மகள் கலினாவுக்கு எட்டு வயது. மூன்று வயதிலிருந்து அவளுக்கு ஆஸ்துமா. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் இதைச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் வீட்டில் தரைவிரிப்பு கிடையாது, திரைச்சீலை கிடையாது, பூனை கிடையாது. அவளுடைய துணி முயல் பகலெல்லாம் ஃப்ரீசரில், பியரோகி கொழுக்கட்டைப் பைகளுக்குப் பக்கத்தில் கிடக்கும். அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி செத்தால்தான் அவள் அதைக் கட்டிக்கொண்டு படுக்கலாம். பள்ளியில் விளையாட்டு வேளையில் மற்றப் பிள்ளைகளின் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பிறந்தநாள் விழாவுக்கு யாராவது கூப்பிட்டால், முதலில் அந்த வீட்டில் நாய் இருக்கிறதா என்று இவோனா, என் மனைவி, போன் போட்டு விசாரிப்பாள். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கலினா வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். வாய்விட்டுச் சிரித்தால் இருமல் வரும், இருமல் வந்தால் இழுப்பு வரும் என்று அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. பனி படிந்த ஓட்டுக் கூரைமேல் நடந்து பிழைக்கிறவன் நான். கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அவள் மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து போவதைப் பார்த்தால் ஏணியின் முதல் படியில்கூட என்னால் கால் வைக்க முடியாது. விசில் சத்தம் கேட்கிறவரை பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சத்தம் நின்றால்தான் ஆபத்து. காற்று உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். அதனால் நான் எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். கூரைமேல் காற்று விசிலடித்தாலும் நின்று கேட்பேன்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் சாயங்காலம் சத்தம் நின்றது. நான் வேலையிலிருந்து வந்து சூப்புக்கு உட்கார்ந்த நேரம். என் மடியில் இருந்தாள். உதடு நீலமானது. என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்யேன் என்பதுபோல் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை இவோனா தெருவில் செருப்பில்லாமல் நின்று கத்திக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன், காற்று வரட்டும் என்று. எதிர்வீட்டு லூத்சியானின் புகைபோக்கியிலிருந்து மஞ்சள் புகை நேராக உள்ளே வந்தது.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சாயங்காலத்தோடு எனக்குள் ஒரு விஷயம் முடிவாகிவிட்டது.

லூத்சியானைப் பற்றி நான் கெட்டவிதமாகப் பேச மாட்டேன். அவர் வீடு சந்துக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில். அவர் கூரையும் என் மகளின் ஜன்னலும் ஒரே மட்டம். டிராம் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் கிடைத்ததையெல்லாம் அடுப்பில் போடுவார்: வார்னிஷ் அடித்த அலமாரிக் கதவு, பழைய செருப்பு, டயர்த் துண்டு. எத்தனையோ தடவை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சியிருக்கிறேன்.

"நிலக்கரி மட்டும் போடுங்க பெரியவரே. மத்ததெல்லாம் வேணாம். பொண்ணுக்கு ஆகல."

"இந்த ஊர்ல எவன் வீட்டுப் புகைய்யா ரோஜாப்பூ வாசம் அடிக்குது? எழுபது வருஷமா இதைத்தான் இழுத்து விடுறேன். பாரு, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்."

"அவ சின்னப்பிள்ள."

"அதான் கெடுத்து வெச்சிருக்கீங்க. பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான். வெளிய விடு, பனியில புரளட்டும்." பிறகு உள்ளே போய் ஒரு பாட்டில் பிளம் ஜாம் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டுவார். "இந்தா, கண்ணுக்குட்டிக்குக் குடு."

கலினாவுக்கு அவரைப் பிடிக்கும். அவர் முற்றத்தில் நின்று குல்லாவைக் காதுவரை இழுத்துக் கோணல்முகம் காட்டுவார். இவள் ஜன்னலில் நின்று வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

நகராட்சிக் காவலர்களிடம் புகார் கொடுத்தேன். வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். அவர் பனிமூட்டமான நாட்களாகப் பார்த்து எரித்தார். கோடையிலும் அவளுக்கு இழுப்பு வந்தது. கோடையில் அவர் அடுப்பு மூட்டுவதில்லைதான். ஆனால் தோட்டத்துச் சருகைக் கொளுத்துவாரே. மாதம் ஒரு தடவையாவது கொளுத்துவார். மலையிலிருக்கும் நுரையீரல் சிகிச்சை விடுதிக்கு ஒரு மாதம் அனுப்பினோம். ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. அங்கே லூத்சியான் இல்லை. இதைவிட உங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரே என்னைக் கூப்பிட்டார். இதை எழுதிக்கொள்ளுங்கள்: அவரே கூப்பிட்டார். அடுப்பு சரியாக இழுக்கவில்லையாம். பகல் வேளை, நல்ல வெயில். போனேன். நடைபாதையில் இரண்டு கோட்டுகள் தொங்கின. அவர் தங்கை ஒதிலியா பண்டிகைக்கு வந்திருந்தார். இதை நான் முதல் வாக்குமூலத்தில் சொல்லவில்லை. இரண்டு கோட்டுகளையும் பார்த்தேன்.

அந்த அம்மாள் அடுக்களையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். "உங்க பொண்ணுக்குத்தான் கையுறை. என்ன கலர் புடிக்கும் அவளுக்கு?" என்று கேட்டார்.

பச்சை என்றேன்.

சுவரில், அடுப்பிலிருந்து கசிந்து ஆளைக் கொல்லும் கரிவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் இருந்தது. அது காலாவதியாகிவிட்டது, கழற்றிக்கொண்டு போகிறேன், வேறு கொண்டுவருகிறேன் என்று சொன்னேன்.

"மறந்துடாத ரோமெக். உன்னை நம்பித்தான் தூங்கப்போறோம்," என்று லூத்சியான் சிரித்தார்.

கூரைக்குப் போனேன். முதலில் குழாயை நன்றாகத் துடைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பிறகு அதை அடைத்தேன். எதை வைத்து அடைத்தேன் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியும், எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இந்த அடுப்பு பயன்படுத்தத் தகுதியில்லை என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே, சட்டப்படி அவர் அணைத்திருப்பாரே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதையும் யோசித்தேன். யாரையாவது வைத்துப் பழுதுபார்த்து மறுபடி மூட்டியிருப்பார். அந்த மனிதரை எனக்குத் தெரியும். புகை அவர் வீட்டுக்குள்ளேயே திரும்பட்டும், அவரும் கொஞ்சம் இருமிப் பார்க்கட்டும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. புகை என்றால் இருமி எழுந்துவிடுவார்கள். கரிவாயுவுக்கு வாசனை இல்லை. என் தொழிலில் அதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித்தருவார்கள்.

மறுநாள் கலினா ஜன்னலில் நின்றாள். "அப்பா, தாத்தா வீட்டுல புகையே வரல. இன்னும் எந்திரிக்கலையா?"

"பண்டிகைக் காலந்தானே. தூங்கட்டும்," என்றேன்.

அதற்கும் மறுநாள் தபால்காரர்தான் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் எங்கள் பக்கத்தில் இப்படிச் சில வீடுகள் போவது வழக்கம். யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த விடுமுறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள்வரை நான் வேலைக்குப் போகவில்லை, மூவரும் வீட்டில்தான். கலினா ஒரு தடவைகூட இருமவில்லை. ஏரியில் சறுக்கினாள். வாயைத் திறந்து சிரித்தாள். அவள் பற்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம் மறுபடி இழுப்பு வந்தது. அன்று எனக்கு வந்த பயத்தைச் சொல்ல முடியாது. எல்லாம் செய்தாயிற்றே, இன்னும் என்ன மிச்சம் என்று உட்கார்ந்து யோசித்தேன். முனைவீட்டில் ஒரு விதவை, போஜென்னா. அவளும் கண்டதை எரிக்கிறவள்தான். நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய் அலாரத்தைக் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலாவதியா? போன மாசந்தான்யா வாங்கினேன். லூத்சியான் வீட்டுலயும் இதையேதான் சொல்லிக் கழட்டினியாமே? ஒதிலியா அன்னிக்கே எங்கிட்ட போன்ல சொன்னா."

சரி, புகைபோக்கியை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறேன் என்று கூரையேறினேன். நான் கூரையிலிருந்து இறங்குவதற்குள் அவள் தீயணைப்பு நிலையத்துக்கும் உங்களுக்கும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் கதை. லூத்சியானையும் ஒதிலியாவையும் கொன்றேன். போஜென்னாவையும் கொன்றிருப்பேன். கையெழுத்துப் போடத் தயார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வேலை உடுப்பை எங்கே கழற்றுவாய் என்று காலையில் ஏன் கேட்டீர்கள்? அடுக்களையில்தான், சூப்புக்குப் பிறகு. கதவைத் திறந்ததும் கலினா ஓடிவந்து தொங்குவாளே. அவள் இறங்கினால்தானே கழற்ற முடியும். ஆமாம், டாக்டரும் இதைக் கேட்டார். கரி படிந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதே, வெளியிலேயே மாற்றிக் குளித்துவிட்டு உள்ளே போ என்றார். வெள்ளைச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கரி என்பது செத்துப்போன புகை, அம்மா. அது யாரையும் ஒன்றும் செய்யாது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் என்னைத் தூக்கினார்.

நேற்று இவோனா வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டுக்கேட்டு அலுத்த பிறகு ஒன்று மட்டும் சொன்னாள்: நான் இங்கே வந்த நாளிலிருந்து கலினாவுக்கு இழுப்பே இல்லையாம். மூச்சுக்கு மருந்து பிடிக்கிற நெபுலைசரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாளாம். சொல்லிவிட்டு அழுதாள். சந்தோஷத்தில் இருக்கும். லூத்சியான் வீட்டுப் புகை சுவர்களை விட்டுப் போக இத்தனை நாள் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் செய்தது வீண்போகவில்லை என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள். என் கறுப்பு உடுப்பு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் கொடுத்து ஒருநாள், ஒரே ஒருநாள், வீட்டுக்கு அனுப்புங்கள். பிள்ளை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாக மூச்சு இழுப்பதை நான் காதால் கேட்க வேண்டும். அதுவரை எனக்கு இந்தப் பயம் போகாது.