மீதி எட்டு மணி நேரம்

பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்த ஃபேனை இரண்டில் ஓடவிட்டால் கரண்ட் மிச்சமாகும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. ஃபேனுக்குப் போகாத கரண்ட் ரெகுலேட்டருக்குள்ளேயே சூடாகி வீணாகும்; தொட்டுப் பார்த்தால் தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நானே மாற்றினேன்.

கரண்ட் விஷயத்தில் நான் எதையும் யோசிக்காமல் செய்தவன் இல்லை என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் கருத்தப்பாண்டி என்னை ஆத்திரக்காரன் போல எழுதியிருக்கிறார். சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் எனக்கு எதிராகவே திரும்பும் என்று நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகும் இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டான உங்கள் முன்னால் நான் பேசுவதற்கு அது ஒன்றுதான் காரணம். எனக்கு ஆத்திரம் வந்ததே இல்லை, அம்மா.

நான் தேவஇரக்கம். ராஜபாளையத்தில் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்து கொடுக்கிறேன். தென்காசி ரோட்டில் வாடகைக்கு இருந்த பட்டறை கட்டுப்படியாகாமல், வெல்டிங் மெஷினையும் கட்டிங் மெஷினையும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டு லைனிலிருந்தே கரண்ட் எடுத்தேன். அது தப்புதான். அதற்கு ஈபி ஆபீஸில் என்ன அபராதம் போட்டாலும் கட்டிவிடுகிறேன்.

என் மனைவி ஷீனா பஞ்சு மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. என் பட்டறை ஓடாத மாதங்களிலும் ஓடியது. அதை யாரும் குத்திக் காட்டவில்லை. அவளும் ஒருநாளும் காட்டவில்லை. பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து, கடைசியில் படுக்கையை விட்டு எழுந்து குளியலறை வரை போனாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டாள். மதுரை டாக்டர் சொல்லி, ஆக்சிஜன் மெஷின் வாங்கினோம். ஒரு பெரிய சூட்கேஸ் அளவுப் பெட்டி. அறையின் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

நாள் பூராவும் அதை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெட்டி ஒன்றே இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட் இழுக்கும். அதைத் தாண்டினால் ஸ்லாப் மாறும். மற்ற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும். முதலில் ஃபிரிட்ஜை விற்றேன். அயர்ன் பாக்ஸைப் பரணில் போட்டேன். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்தேன். ஒரு குடும்பத்தலைவன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன்.

எங்கள் மகள் பிளஸ்ஸி நாகர்கோவிலில் நர்ஸிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது டாக்டர் எழுதியதைப் படித்துச் சொன்னாள்.

"கொறைஞ்சது பதினாறு மணி நேரமாவது ஓடணும்ப்பா. நாள் பூரா ஓடுனா இன்னும் நல்லது. தேவைப்பட்டா உடனே போட்டுக்கிடணும்."

பதினாறு என்று டாக்டரே சொல்லிவிட்டார். மீதி எட்டு மணி நேரம். பட்டறையில் நான் வேலை பார்ப்பதும் எட்டு மணி நேரம். இது தானாக அமைந்தது.

இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வெல்டிங் ராடைத் தகட்டில் வைத்ததும் வீட்டில் வோல்டேஜ் இறங்கும், ஆக்சிஜன் மெஷின் கத்தும், சில சமயம் மெயினே விழுந்துவிடும். அதனால் ஆரம்பத்தில் ஷீனாவிடம் சொல்லிவிட்டே நிறுத்தினேன்.

"ஏட்டி, செத்த நேரம் நிப்பாட்டுதேன். ஒரு கம்பிய மட்டும் பத்தவச்சிட்டு வாரேன்."

"சரிங்க, வைங்க" என்பாள். திரும்பி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பாள். உதடு அசைவது தெரியும். ஜெபம் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு வேலை கூடியது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவது இருவருக்குமே சிரமம். நடைச் சுவரில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டினேன். நீளமான கைப்பிடி. மேலே தூக்கினால் பட்டறைக்குக் கரண்ட், கீழே இறக்கினால் ஷீனாவின் அறைக்கு. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் போகவே போகாது. கட்டிலிலிருந்து நடைக்கு வந்து அதை இறக்க அவளால் முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வயர் அங்கேதான் வந்தது, அம்மா.

கரண்ட் நின்றதும் மெஷினுக்குள் ஒரு பீப் சத்தம் வரும். அது அவளைப் பயமுறுத்தியது. அதற்கென்று உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, கழற்றிவிட்டேன். அதன்பிறகு அறை அமைதியாக இருந்தது.

பக்கத்து வீட்டு பாண்டிசெல்வி அவ்வப்போது ஷீனாவைப் பார்க்க வருவாள். ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"அண்ணே, மைனிக்கு உதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. இந்த வேலைய நாளைக்குப் பாத்தா ஆகாதா?"

"பதினாறு மணி நேரம் ஓடுது பாண்டிசெல்வி. டாக்டர் சொன்னதுதான்" என்றேன்.

"அவுகளுக்கு மூச்சு வாங்குறப்ப ஓடணும்லா? ராத்திரி ஓடிட்டா பகலுக்குச் சேத்து வச்சுக்கிடவா முடியும்?"

படிக்காத பெண். டாக்டர் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்.

சிலிண்டர் பற்றியும் கேட்டீர்கள். கரண்ட் போனால் உதவும் என்று எங்கள் சபையார் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் கொடுத்திருந்தார்கள். ஷீனாவின் அறை மூலையில் வைத்திருந்தோம். வன்னியம்பட்டி விக்னேஸ்வரன் தோட்டத்துக்கு ஒரு பெரிய கேட். புதுவீடு பால் காய்ச்சுவதற்குள் மாட்டிவிட வேண்டும். கனமான தகடு, கேஸ் கட்டிங்தான் சரிப்படும். என்னுடைய சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஆக்சிஜன் எங்கிருந்தாலும் ஆக்சிஜன்தான். ஷீனா தூங்கும்போது எடுத்துவந்து, வெட்டி முடித்ததும் அதே மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். காலி என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த மூலையைப் பார்த்தபடிதான் படுத்திருப்பாள். பக்கத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தைரியம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பிடியைத் தூக்கிவிட்டு விக்னேஸ்வரன் கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். ஷீனாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த பாண்டிசெல்வி, அவள் கட்டிலில் சரிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். நடைக்கு ஓடிக் கைப்பிடியைக் கீழே இறக்கியிருக்கிறாள். ஆக்சிஜன் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஷீனாவுக்கு அது தேவைப்படவில்லை.

ஸ்டேஷனில் எல்லோரும் கரண்ட் பிரச்சினையில் நடந்த விபத்து என்றே பேசிக்கொண்டார்கள். பிளஸ்ஸிகூட என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பாண்டிசெல்வி சொன்னதை மட்டும் இன்ஸ்பெக்டர் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"கைப்பிடிய எறக்கிட்டு, அண்ணே அண்ணேன்னு கத்துறேன் சார். கொட்டகைக்குள்ள பொறி பறந்துக்கிட்டே இருக்கு."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பக்கம் போட்டா மறுபக்கம் கரண்ட் செத்துப்போகும், அதான சேஞ்ச் ஓவரு? அந்தம்மா வீட்டுப் பக்கம் போட்டபொறவும் ஒம் மெஷின்ல எப்படிய்யா பொறி பறந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டு நேராக ஈபி ஆபீஸுக்குப் போய்விட்டார்.

பட்டறைக்கு த்ரீ பேஸ் லைன் கேட்டு நான் எழுதிக் கொடுத்து வெகு நாளாகியிருந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை வந்தது. தனிக் கம்பம், தனி மீட்டர். அன்றைக்குச் சாயங்காலமே வெல்டிங் மெஷினையும் கட்டிங் மெஷினையும் அதற்கு மாற்றிவிட்டேன். அதன்பிறகு வீட்டு லைனுக்கும் பட்டறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கைப்பிடியை மேலே தூக்கினால் எதற்கும் கரண்ட் போகாது. ஷீனாவின் அறைக்கு நிற்கும். அது மட்டுமே நடக்கும்.

பழக்கத்தில் தூக்கிவிட்டேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அது உண்மை. கை தானாகப் போனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிளஸ்ஸி போன் பேசி வைத்த பிறகு ஷீனா என்னைக் கூப்பிட்டாள்.

"நாகர்கோவில்ல ஒரு ரூம் பாத்திருக்காளாம். ஞாயித்துக்கெழம வாரா. நான் அவகூடப் போறேங்க."

"போயிட்டு எப்ப வருவ?"

"வரல. அங்கேயே இருந்துக்கிடுதேன்." நிறுத்தி நிறுத்தித்தான் அவளால் பேச முடியும். "இங்க மூச்சு விடுறதுக்கும் ஒங்களக் கேக்க வேண்டியதா இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதில் நியாயம் இல்லை, அம்மா. நான் ஒருநாளும் மறுத்ததில்லை. நேரம் பிரித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவள் போனால் அந்த மெஷினும் கூடவே போய்விடும், வீட்டு பில் பாதிக்கு மேல் குறையும், பட்டறைக்கும் புது லைன் இருக்கிறது, பிறகென்ன என்று கேட்கிறீர்கள். அதைத்தான் நானும் அன்றிரவு கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் அவள் போவதுதான் லாபமாக வந்தது.

மறுநாள் கைப்பிடியில் கை வைத்தபோது உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏங்க, புது லைன் வந்திருச்சுன்னு பாண்டிசெல்வி சொன்னாளே. இன்னும் எதுக்கு நிப்பாட்டுதிய?"

"செத்த நேரந்தான்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினேன்.

அவள் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். ஜன்னல் கொட்டகையைப் பார்த்திருக்கும். டம்ளரால் கிரில்லில் தட்ட ஆரம்பித்தாள். முதலில் வேகமாக, பிறகு இடைவெளி விட்டு. மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தேன். கேட்டது. முகக்கவசத்தைத் தூக்கிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கவசத்தை இறக்கிக்கொண்டு அடுத்த ராடை மாட்டினேன்.

கீல் வெல்டைப் பாதியில் விட்டால் பின்னால் அந்த இடம்தான் விட்டுப்போகும். என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய ஷீனாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான், கொஞ்ச நேரத்தில் தட்டுவதை அவளே நிறுத்திக்கொண்டாள்.