ஆறடியில் நின்ற கட்டை

கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் நாகூர் கனியின் மச்சான் அப்துல் முத்தலிப்புக்கு நடந்தது. சிங்கப்பூரில், வருஷம் அறுபத்திரண்டு.

விடியற்காலை ஐந்து மணி. கேலாங் சதுப்பை ஒட்டிய மண்பாதை... ஈ காக்கை இல்லை. இரவெல்லாம் மழை. உப்பும் அழுகலும் கலந்த சேற்று நாற்றம். முத்தலிப் தனியாக வேலைக்கு நடந்து வருகிறான். கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து சத்தம். தொம்... தொம்... அஸ்திவாரத்துக்குக் கட்டை அடிக்கும் சத்தம். இந்நேரத்துக்கு யார்?

போய்ப் பார்த்தான். ஆளில்லை. கட்டை அடிக்கும் இரும்புக் குண்டு கயிற்றில் அசையாமல் தொங்கியது. சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. குனிந்து மண்ணில் காதை வைத்தான்.

நாலு மாதம் முன்பு அதே இடத்தில், எட்டடிப் பள்ளத்தில் அவன் தம்பி முகைதீன் இறங்கினான். அந்தக் களிமண் தண்ணீர் குடித்தால் வெறும் கஞ்சி. பக்கத்தில் பலகை முட்டுக் கொடுக்காமல் இறங்கக் கூடாது. “அரை நாள் வேலைக்குப் பலகையா?” என்றான் மண்டோர் தங்கராஜு. வேலை வாங்குகிறவன் அவன்தான். மண் சரிந்து பையனை மூடியது. தோண்டினால் பக்கத்துக் கடைவீடும் இறங்கிவிடும் என்று முதலாளி பள்ளத்தை மூடச் சொன்னார். பையன் பாலம் தாண்டி ஜொகூருக்கு ஓடிவிட்டான் என்று போலீசில் சொன்னார்கள். பார்த்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் வாயில் பூட்டு. குளிப்பாட்டவில்லை. போர்த்தக் கபன் துணி இல்லை. உடலை முன்னால் கிடத்தி, வரிசையாக நின்று ஜனாஸா தொழவில்லை... மனிதர்களா இவர்கள்?

இப்போது அந்த மண்ணில் நாலு மூலையிலும் பக்காவ் மரக்கட்டைகள் அடிக்கிறார்கள். எல்லாம் முப்பதடி வழுக்கிக்கொண்டு இறங்கின. ஒன்று மட்டும் ஆறடியில் நின்றது. முந்தின நாள் அதைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டார்கள். இப்போது அது ஒரு முழம் மேலே வந்து நின்றது.

ஏழு மணிக்கு மண்டோர் வந்தான்.

“மழைக்குக் களிமண் ஊதிருச்சு, கட்டையத் தள்ளுது. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க.”

“கஞ்சி மாதிரி மண்ணுல, ஆறடில எதுங்க மண்டோரே கட்டையத் தடுக்கும்? என் தம்பி கெடக்கான். தோண்டுங்க.”

“ஒன் தம்பி ஜொகூர்ல புரோட்டா போடுறான் லா. போயிக் கேளு.”

எவனோ சிரித்தான்.

முத்தலிப் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாலு பேர் அவனை இழுத்து அமுக்கினார்கள். மண்டோரே குண்டை இறக்கினான். ஒரே அடி. கட்டை மண்ணுக்குள் மறைந்தது. அந்த ஓட்டையிலிருந்து காற்று வந்தது... நீளமாக, மெதுவாக, சூடாக.

மறுநாள் ஐந்து மணிக்கு முத்தலிப் மண்வெட்டியோடு போனான். யார் தடுத்தாலும் தோண்டிவிடுவது என்று. சத்தமே இல்லை. தவளைகூடக் கத்தவில்லை.

நாலு மூலையில் அடித்த கட்டைகள் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் நடுவில், தோள் உயரத்துக்கு, மூன்று வரிசையாகத் தொழுகைக்கு நிற்பதுபோல் மேற்கே பார்த்து நின்றன. அவற்றுக்கு முன்னால் அந்த ஆறடிக் கட்டை படுத்திருந்தது. ஒரு பொட்டுச் சேறில்லை. கழுவிய ஈரம்.

முதல் வரிசையில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.