இரண்டு மூக்குக் காசு

காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், ஐயா. உங்கள் ஆள் அதன் முகத்திலேயே கட்டைவிரலை வைத்து எடுத்தார். தெரியாமல் செய்ததுதான், எனக்குக் கோபமில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் நான்தான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். பதினோரு வருடமாக ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து, தேய்மானம் பார்த்துக் காசுகளைத் தரம் பிரிப்போம். புழக்கத்துக்கே வராதது முதல் தரம். எழுத்து மழுங்கியது கடைசி.

"நீங்க முதல் தரம்தாங்க. யார் கையிலயும் சிக்காமலே இருந்துட்டீங்க" என்று கேலி செய்வார். கல்யாணமாகாத என்னைக் கேலி செய்யவும் வேறு ஆள் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

அவரிடம் ஒரு பிழைக்காசு இருந்தது. அச்சு இரண்டு முறை விழுந்து, அதிலிருந்த ராஜா தலைக்கு இரண்டு மூக்கு. நான் கேட்காத ஞாயிறு இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை. அந்தக் கடைசி ஞாயிறன்று அவராகவே எடுத்து நீட்டினார். பளபளவென்று இருந்தது.

"பல்பொடி போட்டுத் தேய்ச்சேன். உங்களுக்குக் குடுக்கறப்ப அழுக்காவா குடுக்கறது? வச்சுக்குங்க. புதன்கிழமை பொண்ணு வீட்டோட போயிடறேன்."

காலம் ஏற்றிய பழுப்பு முழுவதும் போயிருந்தது. தேய்த்த காசை எந்தச் சேகரிப்பாளரும் மதிக்கமாட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

சிறிது நேரத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. "அதை எடுங்க" என்றார். எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். நான் பூதக்கண்ணாடியில் அந்த இரண்டு மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காசைக் காகித உறையில் போட்டு, வழக்கம்போல் மேலே எழுதினேன்: யாரிடமிருந்து வந்தது, என்றைக்கு. முந்தைய உடைமையாளர் மறைவு, அதே நாள், பதினொன்று இருபது. உறையில் பொய் எழுதுகிறவன் சேகரிப்பாளன் இல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டார் பார்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்த சாவுக்கு என் உறையில் மணி எப்படி வந்தது என்று சரியாகவே கேட்டீர்கள்.

அவரைச் சாகவிட்டது நான்தான். நல்ல காசைப் பாழாக்கியதற்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஊரைவிட்டுப் போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேசையில் இருந்த ரயில் டிக்கெட்டை நான் கிழித்தது, அவர் மூச்சு நின்ற பிறகுதான்.