நான் சரிசெய்த கம்ப்யூட்டர்

ஹலோ... ஹலோ, தம்பி, அக்கா பேசறேன். வேலையா இருக்கியா?... வச்சிடாத, பத்து நிமிஷம்தான்... நாங்க நல்லாதான் இருக்கோம். உங்க மாமாவோட கம்ப்யூட்டர்தான் நல்லா இல்ல... ஆமா... ஆமா, நான்தான். வீட்ல இருக்கறதே ரெண்டு பேர், வேற யாரு கைய வைப்பா?

என்ன ஆச்சுன்னா... அது ஸ்லோவா இருக்கு, ஸ்லோவா இருக்குன்னு ஒரு வருஷமா புலம்பறாரு. வேலைய விட்டுட்டு, பாலம் கட்டறதைப் பத்தி புத்தகம் எழுதறேன்னு உக்காந்தவராச்சே. சாப்பிட வரும்போதெல்லாம் அதே பாட்டு, 'இந்தப் பெட்டி நகர்ந்தாதானே நான் நகர'ன்னு. இன்னிக்கு கண்ணாடி மாத்தப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள பழசை அழிச்சுட்டு புதுசா சிஸ்டம் போட்டு அவரை அசத்திடலாம்னு... ஆமாடா, வீடியோ பாத்துதான். அதுல வர்ற ஆளு இருபது நிமிஷத்துல முடிச்சுட்டான். நான் பத்து மணிக்கு ஆரம்பிச்சேன். இப்ப மூணு.

சிரி, நல்லா சிரி. மாட்டு வயித்தைக் கிழிச்சு கன்னுக்குட்டிய வெளிய எடுக்கற மாட்டு டாக்டர் நான், ஒருநாள் கை நடுங்கினதில்ல. இங்க 'அடுத்து'ன்னு ஒரு பட்டனை அமுக்கறதுக்கு வேர்த்து ஊத்துது.

ம்... ம்... ஸ்கிரீன்லயா? எந்த மொழி வேணும்னு கேக்குது... இல்ல, முதல் தடவை இல்ல, இது நாலாவது தடவை. நூறு சதவீதம் வரைக்கும் ஓடும், தானா அணைஞ்சு எழுந்திருக்கும், திரும்பவும் ஒண்ணுமே தெரியாத மாதிரி மொழி என்னன்னு கேக்கும். நானும் மரியாதையா ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிட்டு இருக்கேன்... பென் டிரைவா? அதுலதான் இருக்கு. குத்தினது குத்தினபடியே... எடுக்கணுமா? அணைஞ்சு எழுந்திருக்கும்போதே எடுத்திருக்கணுமா? அந்த ஆளு அதைச் சொல்லவே இல்லையேடா... சொன்னானா? சரி, அப்ப நான் அடுப்புகிட்ட போயிருப்பேன்.

எடுத்துட்டேன்... அணைச்சுப் போட்டாச்சு... சுத்துது... சுத்திட்டே இருக்கு... தம்பி, வந்துடுச்சு. வணக்கம் சொல்லுது. அஞ்சு மணி நேரம் ஒரே பென் டிரைவோட மல்லுக்கட்டியிருக்கேன் பாரு. நல்லவேளை, மாடுங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

சொல்லு... ம், ஃபோல்டரைத் திறந்துட்டேன்... ஒரே ஒரு டிஸ்க்தான் காட்டுது... நீ மாட்டிக் கொடுத்த ரெண்டாவது டிஸ்க்கா, பெரிசா? பெரிசு எதுவும் இல்லையே... அவர் புத்தகம் எதுல இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பெரிய டிஸ்க்லயா?... இரு. இருடா, என்னைப் பயமுறுத்தாத.

எல்லாத்தையும்தான் அழிச்சேன். டிஸ்க் பட்டியல்ல கண்ணுல பட்ட அத்தனை வரியையும்... மூணு வரி... நாலு இல்ல, மூணுதான், நல்லா நினைவிருக்கு... தம்பி, முந்நூறு பக்கம்டா. பதிப்பகத்துக்காரர் அடுத்த மாசம் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு... கத்தலடா. பேசிட்டுதான் இருக்கேன்.

என்ன?... பெட்டியவா? ஆமா, திறந்தேன். காலைல முதல் வேலையா தூசி தட்டலாம்னு... உள்ள வரைக்கும்தான், கிளினிக்ல ஊசி மருந்து அலமாரி துடைக்கற பிரஷ்ஷால... வயரா? இடிச்சிருக்கலாம். நான் கைய விட்டா எதைத்தான் இடிக்கல?

சரி, பிளக்கைப் பிடுங்கிட்டேன். மூடிய எடுத்துட்டேன்... சிவப்பு வயர் ஒண்ணு தொங்குது. தட்டையா, நாக்கு மாதிரி... அந்த இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி ஓட்டைலயா?... போக மாட்டேங்குது... திருப்பிப் பிடிக்கணுமா, சரி... 'டிக்'னு சத்தம் வந்துச்சு. போடறேன்.

...இருக்குடா. பெரிசு வந்துடுச்சு. ஐயோ சாமி... புரியுது, புரியுது. வயர் கழண்டிருந்ததால அழிக்கும்போது அது பட்டியல்லயே வரல. நான் இடிச்சதாலதான் தப்பிச்சுது. என் முட்டாள்தனத்தை என்னோட இன்னொரு முட்டாள்தனமே காப்பாத்தியிருக்கு. இதை யார்கிட்டயும் சொல்லிடாத, உன் பொண்டாட்டிகிட்டக்கூட.

சரி, திறந்து பாத்துடறேன். 'பாலம்'னு ஒரு ஃபைல்... எதுல திறக்கணும்னு கேக்குது... முதல்ல இருக்கறதுலயேவா? சரி... திறந்துடுச்சு. எழுத்தெல்லாம் அப்படியே இருக்கு.

...

ம், கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிப் பாத்துட்டேன்... இல்ல, ஒண்ணும் கெடல. தம்பி, இதுல நாப்பத்தோரு பக்கம்தான் இருக்கு... வேற ஃபைல் இல்ல, தேதி வாரியா பாத்துட்டேன். இதுதான் கடைசி. கடைசியா சேமிச்சது போன வருஷம், பதினாலு மாசம் ஆச்சு... நான் அழிக்கலடா, நீதானே சொன்ன, இந்த டிஸ்க்கை நான் தொடவே இல்லன்னு. நாப்பத்தோராவது பக்கத்துல, 'ஒரு தூணை நிறுத்தும் முன்'னு இருக்கு. அதோட நிக்குது. முற்றுப்புள்ளிகூட இல்ல.

தினமும் எட்டு மணிக்கு உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. நான் டம்ளர் சத்தம் வராம நடப்பேன். போன வாரம்கூட எத்தனை பக்கம்னு கேட்டேன், முந்நூறைத் தாண்டிட்டேன்னாரு... பொய் சொன்னாருன்னு சொல்லாதடா. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவர் ஒரு நம்பர் சொல்ல வேண்டியிருந்துச்சு. பாவம், பெட்டி ஸ்லோன்னு சொல்லிட்டு இருந்தாரு. இப்ப நான் அந்தச் சாக்கையும் பிடுங்கிட்டேன். இது பறக்குது.

தம்பி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. இதைத் திரும்பவும் ஸ்லோவா ஆக்க முடியுமா?... தெரியும், யாரும் கேக்க மாட்டாங்கதான்... இரு, கேட் சத்தம். அவர்தான். ஸ்கிரீனை அணைச்சுட்டேன், லைன்லயே இரு.

ஏங்க, வாங்க... தம்பிகிட்டதான் பேசிட்டு இருக்கேன். உங்க கம்ப்யூட்டரை நான்... சரி பண்றேன்னு கைய வச்சேங்க. படுத்துடுச்சு... ஒண்ணும் வரல. ரிப்பேருக்குக் கொடுக்கணுமாம், ரெண்டு மாசம் ஆகுமாம்... உங்க புத்தகம் பத்திரமா இருக்காம்ங்க, அது போகல. பதிப்பகத்துக்காரர்கிட்ட நானே சொல்லிக்கறேன், என்னாலதான் தாமதம்னு.

...தம்பி, இருக்கியா?... மெதுவாதான் பேசறேன்... திட்டலடா. மேஜைகிட்ட போய் பெட்டி மேல கைய வச்சுப் பாத்தாரு. அப்புறம் உக்காந்து சிரிச்சாரு... கோவமே இல்ல. 'உனக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு என் தலையில தட்டினாரு... சொல்லுவேன். அவரா சொல்லலைன்னா நானே பேசுவேன், ஆனா இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நான்தான் முட்டாளா இருந்துக்கறேன், எனக்குப் பழக்கம்தானே.

என்னங்க?... இப்பவேவா?... தம்பி, ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாமாங்கறாரு. பட்டப்பகல்ல, அவரா கூப்பிடறாரு. செருப்பு போட்டுட்டு வாசல்ல நிக்கறாரு. வச்சிடறேன்டா.