மாசியில் போன வழி

"ஹலோ... ஹலோ, ஞானசிங் அண்ணாச்சியா?... ஆத்துக் கடவுக்குத் திரும்புத எடத்துல டீக்கட வச்சிருக்க ஞானசிங்குதானே?... ஆமா... ஆமா. எனக்க பேரு சபிதா, பூதப்பாண்டியிலேர்ந்து பேசுகேன்... தெரியாது, பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது. சிவராத்திரி அன்னைக்கு சைக்கிள்ல வந்து டீ குடிச்சோமே, அஞ்சாறு பொம்பளையாளுவ... ஆமா, ஹெல்மெட்டு வச்சுக்கிட்டு... அதுல ஒரு ஆளுதான். ஜிபே பண்ணுனேன்லா, அதுலேர்ந்துதான் நம்பர எடுத்தேன்... இல்ல, இல்ல, பைசா காரியமில்ல. அண்ணாச்சி, நான் சொல்லுகத ஒரு நிமிஷம் கேளுங்க."

அடுப்பில் இட்லிக் கொப்பரை தண்ணீர் வற்றித் தடதடத்துக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்றுகூடச் சபிதாவுக்குத் தோன்றவில்லை. சற்று முன்புதான் அவள் புருஷன் ராஜகுமார் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தாள். திக்குறிச்சிக் கோயில் மதிலில் சாய்த்து வைத்த சைக்கிள். அதன் கீழே, 'உனக்க வழியிலதான் போறேன்' என்று ஒரு வரி. விடியுமுன் கிளம்பும்போது, தாழக்குடி வழியாகத் தேரூர் குளக்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன மனுஷன். துபாயிலிருந்து லீவில் வந்தவன், புதன்கிழமை விமானம். அதற்குள், மாசியில் அவள் சைக்கிளில் போன வழியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தைபோல் அடம்பிடித்துக்கொண்டிருந்தான். மழை விடட்டும் என்று அவள்தான் தடுத்து வைத்திருந்தாள்.

"எனக்க வீட்டுக்காரரு அந்தப் பக்கமா வாறாவ, அண்ணாச்சி. சைக்கிள்ல. கடவுக்குப் போக விடாம நிறுத்துங்க... மஞ்ச பனியனு... ஆமா, தாடி உண்டு... ஆமா... போயாச்சா?... எப்பம்?... இப்பமா? கடவுக்கா திரும்புனாவ?... நீங்க ஒண்ணும் சொல்லல்லியா?... விளிச்சியளா... கையக் காட்டிக்கிட்டுப் போயிட்டாவளா..."

போவான். ராஜகுமாருக்கு வழியில் நிற்கிறவரிடம் வழி கேட்டால் தலையிலுள்ள கிரீடம் இறங்கிவிடும். டீக்கடைக்காரர் கூப்பிட்டால், வியாபாரத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பான். போனில் ஒரு கோடு ஓடும், அந்தக் கோட்டின் மேல் இவன் ஓடுவான்.

அந்தக் கோடு சபிதாவின் போன் போட்டது, அதை அவனுக்கு அனுப்பிவைத்ததும் அவள்தான். பன்னிரண்டு சிவன் கோயிலையும் ஜனங்கள் ஓடியே கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தின்போது, அவளும் சிநேகிதிகளும் சைக்கிளில் போனார்கள். போன வழியையெல்லாம் போன் தானாகவே வரைந்துகொண்டது. ஓடுகிறவர்கள் பாலம் சுற்றிப் போக, இவர்கள் குறுக்கே கடவில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தடுப்பணையின் மேல் கணுக்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டி அக்கரை போனார்கள். போனுக்கு ஆறு ஏது, ரோடு ஏது? அதையும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டுவிட்டது. அது மாசி. இது ஐப்பசி.

"அண்ணாச்சி, அணையில மறுகால் தொறந்து விட்டிருக்குன்னு டிவியில போட்டான். அங்க தண்ணி எப்பிடி கெடக்கு?... சொல்லுங்க, நான் பயப்பட மாட்டேன்... தடுப்பணையே தெரியல்லியா?... செவப்பா... ம்... ம்... அவியளுக்குத் தெரியாது அண்ணாச்சி. நாங்க நடந்துபோன எடமுல்லா, மேலாப்புலதான் தண்ணி போகுதுன்னு எறங்கிருவாவ. நான் போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காவ. மணி அடிக்கி, எடுக்க மாட்டேங்காவ... கடையப் போட்டுட்டுப் போங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுகேன். போன வைக்காதீங்க, கையிலயே வச்சுக்கிட்டு ஓடுங்க."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் ஆற்றைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். போனுக்குள் ஞானசிங்கின் மூச்சிரைப்பு கேட்டது. செருப்பு சேற்றில் சளக் சளக்கென்று அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதையெல்லாம் மூடிக்கொண்டு தண்ணீர் இரைச்சல் வந்தது. மாசியில் அந்த ஆற்றுக்குச் சத்தமே இல்லை.

"வந்தாச்சா?... தெரியுதா?... தெரியுதான்னுல்லா கேக்கேன்... எங்க?... தண்ணிக்குள்ளயா... எவ்வளவு தூரத்துல?... பாதியா?... அய்யோ, எனக்க தாணுமாலையா... தண்ணி எது வரைக்கும் நிக்கி?... இடுப்புக்கா... தோள்ல என்னது?... சைக்கிளா. சைக்கிளத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டா போறாவ?... விளியுங்க அண்ணாச்சி, சத்தமா விளியுங்க... கேக்கல்லியா... திரும்பிப் பாக்கல்லியா... பேரா? ராஜகுமாரு. ராஜகுமாருன்னு விளியுங்க."

ஞானசிங் கூப்பிடுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று தடவை. ஆறு அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. விழுங்காவிட்டாலும் அவன் திரும்பியிருப்பானா என்பது சந்தேகம். கரையில் நின்று கத்துகிறவர்கள் எல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அது அவனுக்குத் தெரியும்.

"இன்னும் போறாவளா?... அண்ணாச்சி... அண்ணாச்சி, பேரு சொல்லி விளிக்காண்டாம். 'கோவிந்தா'ன்னு விளியுங்க... ஆமா, சிவாலய ஓட்டத்துல விளிப்பாவள்லா, அதான். பத்து வயசுலேர்ந்து கல்ஃபுக்குப் போறது வரைக்கும் வருஷம் தவறாம ஓடுன ஆளு. 'கோவிந்தா'ன்னு காதுல விழுந்தா வாய் தன்னால 'கோபாலா'ன்னு சொல்லிரும். உறக்கத்துலகூடச் சொல்லுவாவ, நான் கேட்டிருக்கேன்... என்ன?... நீங்க வேதக்காரருன்னு தெரியும் அண்ணாச்சி, கோவப்படாதீங்க, எனக்கு வேற வழி... ஓ... வருஷா வருஷம் ஓடுகவியளுக்கு மோரு குடுக்கச்சில நீங்களும் விளிப்பியளா?... அப்பம் விளியுங்க. நெஞ்சுக்குள்ள இருந்து நீட்டி விளியுங்க."

விளித்தார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டையாக இருக்க வேண்டும், போனே அதிர்ந்தது. தண்ணீர்தான் கேட்டது.

"இன்னொருக்க..."

மறுபடியும் தண்ணீர்தான். இந்தத் தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை. அங்கே கேட்காது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் பூதப்பாண்டி அடுக்களையில் நின்றுகொண்டு அவளும் சேர்ந்து கத்தினாள்.

"கோவிந்தா..."

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. யாரோ என்னவோ கேட்டார்கள். சபிதா கையைக் காட்டி அவர்களை அடக்கினாள். போனில், இரைச்சலுக்கு நடுவே, நூல் மாதிரி மெலிந்து, ஒரு குரல் பதில் சொல்லிற்று.

"கேட்டுது... எனக்கும் கேட்டுது அண்ணாச்சி... திரும்பிட்டாவளா?... உங்களப் பாக்காவளா?... கையக் காட்டுங்க, வாண்டாம்னு காட்டுங்க... வாறாவளா?... என்ன, என்ன ஆச்சு?... சறுக்கிட்டா?... பிடிச்சு நிக்காவளா, இல்லியா?... நெஞ்சு வரைக்குமா... சைக்கிள விட்டிரச் சொல்லுங்க. அத விட மாட்டாவ, உசிரு மாதிரி வச்சிருக்கது, நீங்க சொல்லுங்க, சபிதா சொன்னான்னு சொல்லுங்க. சைக்கிள் போனா மயிரே போச்சுன்னு சொல்லுங்க... விட்டாச்சா?... போகட்டும். போகட்டும்... பக்கத்துல வாழத்தோட்டம் இல்லியா? முட்டு குடுத்த கம்பு ஒண்ணப் பிடுங்கி நீட்டுங்க... ஆமா... ஆமா, போன பாக்கெட்டுல போட்டுக்கிடுங்க, ரெண்டு கையும் வேணும்... நான் இங்கதான் இருக்கேன்."

அதன் பிறகு சட்டைத் துணி போனில் உரசுகிற கரகரப்பு. ஞானசிங்கின் முனகல். கம்பு கல்லில் தட்டுகிற சத்தம். ஏதோ தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. கொப்பரை கருகி அடுக்களை முழுக்க நெடி ஏறியது. சபிதாவுக்குச் சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. காதைப் போனோடு அழுத்திக்கொண்டு, காது வலிப்பதும் தெரியாமல் இருந்தாள்.

"அண்ணாச்சி... அண்ணாச்சி... யாராவது பேசுங்க..."

"ஹலோ... ம்... ம்... நீங்களா?"

ராஜகுமாரின் குரல்.

"இல்ல... அழல்ல... கோவமும் இல்ல... ம்... சைக்கிளப் பத்தி இப்பம் பேசாண்டாம்... என்னது?... பாலம் சுத்திப் போனா மீதிக் கோயிலப் பாத்திரலாமா?... நீங்க மொதல்ல எங்கின நிக்கிய?... கரையிலயா? ரெண்டு காலும் கரையிலயா?... பொறவு எதுக்கு எனக்கு இப்பிடித் தண்ணி கேக்கு?... பேசாதீங்க. நடங்க. மேல ஏறி வாங்க... இல்ல, இன்னும் கேக்கு... இன்னும் வாங்க... ஒண்ணும் பேசாண்டாம்ன்னு சொன்னம்லா, நடங்க..."

அவன் நடந்தான். ஈரக் காலடிச் சத்தமும், பின்னால் ஞானசிங் எதையோ சொல்லிக்கொண்டு வருவதும் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம்... ம்... இப்பம் கேக்கல்ல."

சபிதா போனை வைத்தாள்.