காத்திருப்பு அறையில் நோயல்

ஏழு மணி ஜெபத்துக்கு முன்னால் நான் டீ குடிப்பதில்லை, ஃபாதர். வாசல் காப்பவன் பாதியில் எழுந்து போகக் கூடாது. ஹார்பர் கேட்டில் முப்பத்தொரு வருஷம் பாஸ் பார்த்த உடம்பு இது. ஒருமுறை பாஸ் இல்லாத யானையைக் கப்பலுக்கே திருப்பி அனுப்பினேன். சலாம் வைத்துவிட்டுப் போனது.

கொரோனாவில் கோயிலைப் பூட்டியதும் ராயபுரத்தில் எங்கள் தெரு ஜெபமாலை போனில் வீடியோ காலுக்கு வந்தது. ஏற்பாடு செய்தவன் சிலுவையம்மாளின் ஒரே மகன் நோயல். காத்திருப்பு அறையில் வந்து நிற்கும் பெயர்களைப் பார்த்து உள்ளே விடும் வேலையை அவன்தான் எனக்குக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு ‘கரோலின்’ பெயரில் எவனோ புகுந்தான். ‘அருள் நிறைந்த மரியே’ நடுவில் குத்துப்பாட்டு. பிறகு சொல்லக்கூடாத படம். கிழவிகள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தார்கள்.

“இன்னா நைனா, முப்பது வருசமா இப்டித்தான் கேட்டு பாத்தியா? ஹார்பர்ல கடலாச்சும் மிச்சம் கீதா?” என்றான் நோயல். நாற்பது வீடும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு பாஸ் நம்பர் கொடுத்தேன். திங்கள்தோறும் மாறும். பெயரோடு நம்பர் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் நோயலை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்த ஒரே போனைக் கொண்டுபோனவன் அதை அங்கே தொலைத்துவிட்டான். சிலுவையம்மாள் கரோலின் வீட்டுப் போனில் ஜெபத்துக்கு வந்தாள்.

“எம்புள்ள எப்டி கீறான்னே தெர்ல அண்ணே. வேண்டிக்கோங்க.”

வேண்டிக்கொண்டோம்.

அப்போது காத்திருப்பு அறையில் ஒரு பெயர் நின்றது: ‘நோயல்’. நம்பர் இல்லை. விடவில்லை. மறுநாள், ‘நோயல்தான் நைனா, நர்ஸ் போன்’. மூன்றாம் நாள், பெயர் எழுதும் இடத்தில், ‘அம்மாவ ஒருவாட்டி காட்டு’. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிக்கும்வரை நின்றது.

அவன் மூன்று நாளும் வந்து நின்றதை அந்த நர்ஸ் உங்களிடம் மட்டும் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவன்தான் என்று தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரிந்தது. முதல் நாளே தெரிந்தது. ஆனால் கேட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கும் லாரிக்காரனை மூன்று நாள் நிறுத்திவைப்பது என் வழக்கம். நாலாம் நாள் நானே மரியாதையாகத் திறந்துவிடுவேன். நோயலுக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவன் நாலாம் நாள் காலையிலேயே போய்விட்டான். எப்போதும் அவசரக்காரன்.

நடக்க முடியாதவர்களுக்காக இன்றும் ஜெபம் போனில்தான். ஏழு மணிக்கு அந்தப் பெயர் வந்து நிற்கிறது. பக்கத்தில் பாஸ் நம்பரும் இருக்கிறது. இந்த வாரத்து நம்பர். நான் இன்னும் யாருக்கும் சொல்லாதது.

என் விரல் பொத்தான்மேல்தான் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் சிலுவையம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். உள்ளே வந்தால் அவன் முதலில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். பாவம், அவள் தாங்கமாட்டாள்.

அவளுக்காகத்தான் ஃபாதர், இன்னும் விடாமலிருக்கிறேன்.